சொல்லிச் செய்யும் எலக்ட்ரிக் கிட்டார்: மரம், பிக்கப், பாலிஷ் எதை முதலில் முடிவு செய்வது?

கேள்வியை ஒருமுறை சுருக்கிக்கொள்கிறேன். கையால் கிட்டார் செய்பவர் ஒருவரிடம் ஓர் எலக்ட்ரிக் கிட்டாருக்குச் சொல்லப் போகிறீர்கள். மஹோகனி பாடி (உடல் பகுதி), அதன்மேல் வரியோடிய மேப்பிள், கருங்காலி ஃபிங்கர்போர்டு (விரல் அழுத்தும் பலகை), பிரிட்ஜ் (பாடியில் தந்தி பதியும் பாகம்) பக்கம் அதிக அவுட்புட் ஹம்பக்கர், நெக் (கழுத்து) பக்கம் சிங்கிள் காயில், மேலே பளபளவென்று நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர். பிக்கப் என்பது தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பாகம்; அதில் ஒரு காயில் (கம்பிச் சுருள்) இருந்தால் சிங்கிள் காயில், இரைச்சலை அழிக்க இரண்டு சேர்ந்திருந்தால் ஹம்பக்கர். சுத்தமான கார்டுகளும் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) வாசிக்க வேண்டும், டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) போட்டும் வாசிக்க வேண்டும். இந்தச் சேர்க்கை சரிப்பட்டு வருமா என்று கேட்கிறீர்கள்.

வரும், இரண்டு மூன்று திருத்தங்களோடு. ஆனால் பட்டியலில் முக்கியமான சில விஷயங்களையே காணோம். நெக் என்ன மரம், அதை எந்த வாக்கில் அறுக்க வேண்டும், ஸ்கேல் நீளம் (தந்தி அதிரும் நீளம்) எவ்வளவு, மொத்த எடை எதற்குள் நிற்க வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. பிக்கப் பிடிக்காமல் போனால் ஒரு ஸ்க்ரூடிரைவரும் சால்டரிங் அயர்னும் போதும், ஒரே மாலையில் மாற்றிவிடலாம். நெக் அப்படியல்ல. போல்ட் போட்ட நெக்கையாவது கழற்றலாம். பசை போட்டு ஒட்டியதென்றால் அதோடுதான் குடித்தனம். எனவே பின்னால் மாற்ற முடியாதவற்றை முதலில் முடிவு செய்யுங்கள். பணத்தையும் அங்கே போடுங்கள்.

மரம் பற்றிய பேச்சில் குழப்பம் அதிகம் என்பதால் அதை முதலில் தீர்த்துக்கொள்வோம். எலக்ட்ரிக் கிட்டாரில் பிக்கப் கேட்பது மரத்தின் ஒலியை அல்ல. காந்தப்புலத்துக்குள் எஃகுத் தந்தி அசைகிறது, அந்த அசைவு காயிலில் மின்னழுத்தமாக மாறுகிறது, அதுதான் ஆம்ப்ளிஃபயருக்குப் போகிறது. அப்படியானால் மரத்துக்கு என்ன வேலை? தந்தியின் அதிர்வில் ஒரு பங்கை மரம் உறிஞ்சிக்கொள்கிறது. எந்தச் சுரத்தில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்பதைப் பொறுத்து, ஒலி எவ்வளவு நேரம் நிற்கும் என்பது மாறும். பாஸ் கிட்டார் வாசிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்: ஜி தந்தியில் 5ஆம் ஃப்ரெட்டுக்கும் (ஃபிங்கர்போர்டின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) 7ஆம் ஃப்ரெட்டுக்கும் இடையில் ஏதோ ஒரு சுரம் மட்டும் சீக்கிரம் செத்துவிடும். அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் நெக் தானாக அதிரும் அதிர்வெண்ணும் ஒன்றிப்போவதுதான் காரணம். கவனியுங்கள், அங்கே குற்றவாளி பெரும்பாலும் நெக்தான். கனமான, தடித்த பாடி அதிகம் அசைவதில்லை.

1940 வாக்கில் கிட்டார் கலைஞர் லெஸ் பால் ஒரு சதுரப் பைன் கட்டையில் தந்தி கட்டி வாசித்தார். 1950களில் டேன்எலெக்ட்ரோ நிறுவனம், மரக்கூழை அழுத்திச் செய்த மேசனைட் பலகையில் கிட்டார் செய்தது. 1969இல் ஆம்பெக் நிறுவனம் டான் ஆர்ம்ஸ்ட்ராங் வடிவமைத்த அக்ரிலிக் பாடி கிட்டாரை விற்றது. எல்லாமே கிட்டார் போலத்தான் ஒலித்தன. எனவே 'மஹோகனி கதகதப்பு, மேப்பிள் பளிச்' என்று கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணைகளை நம்பி மரம் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகளே ஒன்றுபோல இருப்பதில்லை. மரத்துக்கு ஒன்றுமே வேலையில்லை என்று எதிர்த்திசையில் அடித்துப் பேசுபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. வேலை உண்டு, ஆனால் எந்தப் பலகை என்ன செய்யும் என்று பெயரை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியாது.

முன்கூட்டிச் சொல்ல முடிந்தது எடை. ஒரு சராசரி பாடியின் கனஅளவு 4 லிட்டர் என்று வையுங்கள். பாஸ்வுட்டின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 415 கிலோ, ஆல்டர் 450, ஹோண்டுராஸ் மஹோகனி 590, கடின மேப்பிள் 705. அதாவது அதே அளவு பாடி பாஸ்வுட்டில் 1.7 கிலோ, ஆல்டரில் 1.8, மஹோகனியில் 2.4, முழு மேப்பிளில் 2.8. ஆல்டருக்கும் மஹோகனிக்கும் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம். நீங்கள் அதன்மேல் மேப்பிளையும் ஏற்றப் போகிறீர்கள். ஹார்டுவேர், நெக் எல்லாம் சேர்ந்தால் 4 கிலோவைத் தாண்டுவது சுலபம். இரண்டு மணி நேரம் நின்று வாசித்தால் தோள்பட்டை சொல்லும். எடை மொத்தமாக 3.6 கிலோவைத் தாண்டக் கூடாது என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள். மஹோகனிதான் வேண்டும் என்றால், அறுக்கும் முன் பலகையை எடை போடச் சொல்லுங்கள். அதுவும் கனமாக இருந்தால் மேப்பிள் மூடும் முன் உள்ளே அறைகள் குடையச் சொல்லலாம். மேல்பலகை ஒட்டும் கிட்டாரில் இது ஒரு வசதி. குடைந்தது வெளியே தெரியாது.

மஹோகனி என்ற பெயரில் என்ன வருகிறது என்றும் கேளுங்கள். அமெரிக்கக் கண்டத்து அசல் மஹோகனி 2003 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதனால் ஆப்பிரிக்காவின் காயா, சப்பேலி மரங்கள் அந்தப் பெயரில் பரவலாகப் புழங்குகின்றன. மோசம் ஒன்றுமில்லை, நல்ல மரங்கள்தான், ஆனால் சப்பேலி கொஞ்சம் கனம். பெயருக்கான விலையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். லேசான பாடி வேண்டுமானால் ஆல்டர் சிக்கலில்லாத தேர்வு. பாஸ்வுட் மலிவு கிட்டாரின் மரம் என்ற இளக்காரம் நியாயமற்றது. ஆனால் மென்மையான மரம், இடித்தால் பள்ளம் விழும், ஸ்க்ரூவை அடிக்கடி கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துவிடும். ஸ்வாம்ப் ஆஷ் அழகு, லேசும்கூட. ஆனால் ஆஷ் மரங்களை மரகதத் துளைப்பான் வண்டு அழித்துவருவதாலும், மிசிசிப்பிச் சதுப்புகளில் வெள்ளம் நீடிப்பதாலும் வரத்து குறைந்து, 2020இல் ஃபெண்டர் கிட்டார் நிறுவனமே பெரும்பாலான மாடல்களில் அதைக் கைவிட்டது.

வரி மேப்பிள் கண்ணுக்கானது. அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை, கண்ணுக்குப் பிடித்த கிட்டாரைத்தான் கை அடிக்கடி எடுக்கும். 6 மில்லிமீட்டர் கெட்டிப் பலகையா, அரை மில்லிமீட்டர் வெனீரா (மெல்லிய மர ஏடு) என்று மட்டும் கேட்டுவிடுங்கள். மேல்பரப்பு வளைவாக வேண்டும் என்றால் கெட்டிப் பலகை தேவை. தட்டையாக இருந்தால் போதும் என்றால் வெனீர் பாதிக்கும் குறைந்த செலவில் அதே காட்சியைத் தரும்.

ஆனால் அந்த வரியை நெக்கில் கேட்காதீர்கள். வரி தெரிகிறது என்றாலே மரநார் அலை அலையாக ஓடுகிறது என்று பொருள். அப்படிப்பட்ட மரம் பருவம் மாறும்போது திருகிக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். நெக்குக்கு வேண்டியது நேரான நார், நன்றாகக் காய்ந்த பலகை. ஈரப்பதம் 6 முதல் 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். செய்பவரிடம் ஈரமானி இருக்கிறதா, பலகை எத்தனை நாளாக அவர் பட்டறையில் கிடக்கிறது என்று கேட்பதில் தப்பில்லை. ஆண்டு வளையங்கள் ஃபிங்கர்போர்டுக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த கால்வெட்டு மரம், ஈரப்பதம் மாறும்போது குறைவாக வளையும். இல்லாவிட்டால் மூன்று அல்லது ஐந்து பட்டைகளை ஒட்டிச் செய்த நெக் கேளுங்கள். எனக்கு இதுதான் பிடித்தது, ஒரு பட்டை ஒரு பக்கம் இழுத்தால் இன்னொன்று தடுக்கும். ரோஸ்டட் மேப்பிளும் நல்ல தேர்வு. ஆக்ஸிஜன் குறைந்த அடுப்பில் 150 டிகிரிக்கு மேல் வாட்டுவதால் அது காற்றின் ஈரத்தை முன்போல் உறிஞ்சாது, தேன் நிறமும் வந்துவிடும். சற்று நொறுங்கும் தன்மை உண்டு, அதனால் ட்யூனர் (சுருதிச் சாவி) ஸ்க்ரூவுக்கெல்லாம் சரியான அளவில் முன்துளை போட்டாக வேண்டும்.

மஹோகனி நெக் யோசிக்கிறீர்களா? அதில் ஹெட்ஸ்டாக் (நெக்கின் தலைப்பகுதி) பின்பக்கம் சாயும் வடிவமும் சேர்ந்தால் கவனம் தேவை. கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் மாடல் வகையில் அது 17 டிகிரி சாய்வு. ஒரே கட்டையில் அறுக்கும்போது நார் குறுக்கே வெட்டுப்பட்டு, நட்டுக்குப் (நெக் முனையில் தந்தி பதியும் துண்டு) பின்னால் பலவீனம் வந்துவிடும். கிட்டார் ஸ்டாண்டிலிருந்து மல்லாந்து விழுந்தால் உடைவது அந்த இடம்தான். ஹெட்ஸ்டாக்கைத் தனித் துண்டாகச் சாய்வாக ஒட்டும் ஸ்கார்ஃப் இணைப்பு அதைவிட உறுதி. சிலர் அதைச் சிக்கன வேலை என்று முகம் சுளிப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள்.

ஸ்கேல் நீளத்தை ஒரு வரியில் முடித்துவிடலாம்: 648 மில்லிமீட்டர் ஸ்கேலோடு ஒப்பிட்டால் 628இல் அதே தந்தி, அதே சுருதிக்கு இழுவிசை 6 சதவீதம் குறைவு. விரலுக்கு மென்மை, பெண்டிங் (தந்தியை வளைத்துச் சுருதி ஏற்றுவது) சுலபம். சுருதியை இறக்கி வாசிப்பவர் நீளமானதை எடுக்கலாம். நடுவில் 635 இருக்கிறது. கடையில் இருக்கும் கிட்டார்களிலேயே வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள், காகிதத்தில் அல்ல.

கருங்காலி ஃபிங்கர்போர்டு நல்லது. கடினம், வழவழப்பு, பாலிஷ் தேவையில்லை. வறண்ட பருவத்தில் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் விளிம்பில் குத்தும். அவ்வப்போது கொஞ்சம் எண்ணெய் காட்டினால் போதும். ரோஸ்வுட் எனும் ஈட்டி மரம் வேண்டும் என்றால் ஒரு சட்ட விஷயம் உண்டு. 2017 ஜனவரியில் ஈட்டி மரங்கள் அடங்கிய டால்பெர்ஜியா இனங்கள் எல்லாவற்றையும் சைட்டீஸ் பட்டியலில் சேர்த்தார்கள், 2019 நவம்பரில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். அதனால் கிட்டாராக எல்லை தாண்டுவதில் இப்போது தொல்லையில்லை. பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் இந்த விலக்கு இல்லை, 1992 முதல் அது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் ஒதுங்கிவிடுங்கள். ஃப்ரெட்டுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடச் சொல்லுங்கள். கூடுதலாகக் கொடுக்கும் காசுக்கு உடனே பலன் தெரியும் சில விஷயங்களில் இது ஒன்று.

சரி, பிக்கப்புக்கு வருவோம். உங்கள் பட்டியலில் நான் மாற்றச் சொல்வது இங்கேதான்.

'அதிக அவுட்புட்' என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? விளம்பரத்தில் 15 கிலோ ஓம், 16 கிலோ ஓம் என்று போட்டிருப்பதை வைத்துத்தானே. அது கம்பியின் மின்தடை, ஒலியின் அளவல்ல. பழைய ஹம்பக்கர்கள் 42 கேஜ் (தடிமன் எண்; எண் கூடினால் கம்பி மெலியும்) கம்பியில் சுற்றப்பட்டவை. 43 அல்லது 44 கேஜுக்குப் போனால் கம்பி மெலிந்து, சுற்று எண்ணிக்கை கூடாமலே மின்தடை எகிறும். பார்க்க வேண்டிய எண் இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல் அளவு, ஹென்றியில் சொல்வார்கள்). காயிலின் இண்டக்டன்ஸும் கேபிளின் கெப்பாசிட்டன்ஸும் (மின்னூட்டம் தேக்கும் அளவு) சேர்ந்து ஓர் ஒத்ததிர்வு முனையை உண்டாக்குகின்றன. அதற்கு மேலே உள்ள உயர்சுரங்கள் சட்டென்று சரிந்துவிடும். 6 மீட்டர் கேபிள், உள் வயரிங் எல்லாம் சேர்த்து 700 பைக்கோ ஃபாரட் என்று கொண்டால், 2.4 ஹென்றி உள்ள சிங்கிள் காயிலுக்கு முனை 3,900 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். 4.4 ஹென்றி உள்ள பழைய பாணி ஹம்பக்கருக்கு 2,900. 8 ஹென்றி உள்ள அதிக அவுட்புட் ஹம்பக்கருக்கு 2,100. கார்டில் ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்பது அந்த மேல்பகுதி இருந்தால்தான். சுத்தமான கார்டும் வேண்டும் என்று கேட்கும் நீங்களே அதை அறுத்துவிடும் பிக்கப்பைக் கேட்கிறீர்கள்.

இன்றைய ஆம்ப்ளிஃபயர்களில் கெயினுக்குப் (சிக்னலைப் பெருக்கும் அளவு) பஞ்சமில்லை, முன்னால் ஒரு பெடல் வைத்தால் இன்னும் கூட்டிக்கொள்ளலாம். பிக்கப் விட்டுவிட்ட உயர்சுரத்தை மட்டும் பின்னால் யாராலும் கொண்டுவர முடியாது. பிரிட்ஜ் பக்கத்துக்கு 8, 9 கிலோ ஓம் அளவில், 42 கேஜ் கம்பியில் சுற்றி, அல்னிகோ 5 (ஒரு காந்த உலோகக் கலவை) காந்தம் வைத்த ஹம்பக்கர் உங்களுக்குப் பொருந்தும். காந்தம் செராமிக்கா அல்னிகோவா என்ற சண்டையில் நான் அதிகம் இறங்குவதில்லை. சுற்று எண்ணிக்கையும் காயிலின் வடிவமும் அதைவிடப் பெரிய விஷயம்.

நெக் பக்கம் சிங்கிள் காயில் என்றால் சுத்தமான ஒலி அருமையாக இருக்கும், டிஸ்டார்ஷன் போட்டதும் மின்சார இரைச்சல் சேர்ந்துகொள்ளும். 1955இல் கிப்சனில் சேத் லவர் ஹம்பக்கரை உருவாக்கியதே இந்த 50, 60 ஹெர்ட்ஸ் இரைச்சலை ஒழிக்கத்தான்: எதிரெதிராக இணைத்த இரண்டு காயில்களில் இரைச்சல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், காந்தங்களும் எதிரெதிர் என்பதால் தந்தியின் ஒலி மட்டும் கூடும். பிக்கப் உட்காரும் குழிக்குள் செப்புத் தகடு ஒட்டினால் இரைச்சல் போய்விடும் என்று சொல்வார்கள். விளக்கு டிம்மரிலிருந்து வரும் ரீங்காரம் போன்றவை குறையும், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்து வரும் உறுமல் அப்படியே இருக்கும்.

என் யோசனை, நெக் பக்கமும் ஹம்பக்கர் அளவுக்கே குழி வெட்டச் சொல்லுங்கள். அந்த அளவுக் குழியில் ஹம்பக்கரும் உட்காரும், அதே சட்டகத்தில் வரும் பி-90யும் (அகலமான சிங்கிள் காயில் வகை) உட்காரும், ஒற்றைக் காயிலும் உட்காரும். சிங்கிள் காயில் அளவுக்கு வெட்டிவிட்டால் பின்னால் பாலிஷ் போட்ட பாடியை மறுபடி வெட்ட வேண்டிவரும். முதலில் நான்கு கம்பி வெளியே வரும் குறைந்த அவுட்புட் ஹம்பக்கர் ஒன்றைப் போட்டு, ஒரு சுவிட்சில் இரு காயில்களையும் பேரலலாக இணைத்துப் பாருங்கள். ஒலி மெலிந்து தெளிவாகும், இரைச்சலும் வராது. ஒரு காயிலை மட்டும் வெட்டி எடுக்கும் ஸ்ப்ளிட் இன்னும் கொஞ்சம் சிங்கிள் காயில் போல ஒலிக்கும், ஆனால் இரைச்சல் திரும்பிவிடும்.

அப்படியும் அசல் சிங்கிள் காயில்தான் வேண்டும் என்றால் வயரிங்கில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் பாட் (திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை), சிங்கிள் காயிலுக்கு 250 என்பது வழக்கம். ஒரே வால்யூம் பாட் என்றால் 500 போட்டுவிட்டு, சுவிட்சில் சிங்கிள் காயிலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைக்கச் சொல்லுங்கள். சிங்கிள் காயில் மட்டும் ஒலிக்கும்போது அது ஏறத்தாழ 242 கிலோ ஓமைத்தான் பார்க்கும், காதைக் குத்தாது. இரண்டு வெவ்வேறு கம்பெனி பிக்கப்களைச் சேர்த்தால், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் நடு நிலையில் ஒலி மெலிந்து மூக்கடைத்தது போல் கேட்கலாம். அப்படியென்றால் ஃபேஸ் (மின்னலை ஏறி இறங்கும் திசை) எதிர்மாறாக இருக்கிறது, ஒன்றின் இரு கம்பிகளை இடம் மாற்றினால் சரியாகும். அந்தப் பிக்கப்பின் உலோக மூடி கிரவுண்டோடு தனியாக இணைந்திருந்தால்தான் இதைச் செய்யலாம், வாங்கும்போதே பாருங்கள். அப்புறம் தந்தி இடைவெளி. காந்தத் துருவங்கள் 50 மில்லிமீட்டர் அகலத்திலும் வரும், 52 மில்லிமீட்டரிலும் வரும். பிரிட்ஜுக்கு எது பொருந்தும் என்று அளந்து வாங்க வேண்டும்.

பிக்கப்பின் உயரம் வைப்பது இலவசம், அதைத்தான் யாரும் செய்வதில்லை. கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தடித்த தந்திப் பக்கம் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2 என்று தொடங்கி, காதால் ஏற்றி இறக்குங்கள். காந்தக் கம்பிகளே துருவமாக நிற்கும் சிங்கிள் காயிலை அதிகம் ஏற்றினால் காந்தம் தந்தியையே இழுத்து, சுருதி அலையும்.

இனி பாலிஷ். நைட்ரோ போட்டால் மரம் மூச்சு விடும், ஒலி திறக்கும் என்ற கதையைக் கேட்டிருப்பீர்கள். வெட்டிக் காயவைத்த மரம் மூச்சு விடுவதில்லை, பழைய நைட்ரோ கிட்டார்களிலும் அடியில் சீலர் (மரத்தை அடைக்கும் பூச்சு) உண்டு. ஆனாலும் நைட்ரோவுக்கு இரண்டு நிஜமான நன்மைகள் இருக்கின்றன. ஒன்று, மெல்லியது, கையில் பிளாஸ்டிக் போலப் படாது. இன்னொன்று, புதுப் பூச்சு பழைய பூச்சைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும் என்பதால் அடிபட்ட இடத்தைச் சுவடு தெரியாமல் சரிசெய்யலாம். விலை என்னவென்றால், வெயிலிலும் வியர்வையிலும் சிலர் கையில் பிசுக்கென்று ஒட்டும், நாளாக மஞ்சளிக்கும், குளிரிலிருந்து சட்டென்று சூட்டுக்கு வந்தால் கோடு கோடாக வெடிக்கும். மலிவான ஸ்டாண்டின் ரப்பரும் வினைலும் பட்ட இடம் உருகிப் பதியும். இதெல்லாம் வயதின் அழகு என்று ரசிப்பவருக்கு நைட்ரோ. கிட்டார் புதிதுபோலவே இருக்க வேண்டும் என்பவர் மெல்லிய பாலியூரிதேன் கேட்கலாம். நல்ல கை அடித்தால் பார்த்து வித்தியாசம் சொல்வது கடினம். தொழிற்சாலையில் தடிமனாக ஏற்றும் பாலியஸ்டர் மிக உறுதி, ஆனால் சிதறினால் ஒட்டுப்போட்டது தெரியும். ரோஸ்வுட்டின் எண்ணெய்ப் பசை மேல் அது நேரடியாக இறுகவும் செய்யாது.

பாடிக்கு எது போட்டாலும் நெக்கின் பின்பக்கத்துக்குப் பளபளப்பு வேண்டாம். மங்கலான பூச்சு அல்லது எண்ணெய் போதும், கை வழுக்கிக்கொண்டு போகும். மேப்பிளில் வெறும் எண்ணெய் என்றால் நாளாக அழுக்கேறும், ஆண்டுக்கொரு முறை துடைத்து மறுபடி பூச வேண்டும். அதை நீங்களே செய்தால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவையுங்கள். லின்சீடு, டங் போன்ற காயும் எண்ணெய் நனைந்த துணிக் குவியல் தானாகவே தீப்பிடிக்கும்.

மஹோகனியின் துளைகளை நிரப்பித்தான் பளபளப்பு ஏற்ற முடியும். சரியாக நிரப்பாவிட்டால் சில மாதத்தில் லாக்கர் உள்ளிறங்கி மேற்பரப்பில் புள்ளி புள்ளியாகக் குழி தெரியும். மேப்பிளுக்குச் சாயம் கேட்பதாக இருந்தால், உங்கள் பலகையிலேயே வெட்டியெறிந்த துண்டில் பூசிக் காட்டச் சொல்லுங்கள். வேறு பலகையில் பார்த்த நிறம் இதில் வராது. நைட்ரோ கரைப்பான் ஆவியாகித்தான் இறுகும், அவசரப்படுத்த வழியில்லை. கடைசிப் பூச்சுக்கும் பஃப் போடுவதற்கும் (தேய்த்து மெருகேற்றுவது) இடையில் எத்தனை வாரம் விடுகிறார் என்று செய்பவரிடம் கேளுங்கள். மூன்றுக்குக் குறைவாகச் சொன்னால் அவரிடம் பாலியூரிதேனே அடிக்கச் சொல்லிவிடுங்கள்.